விலை கொடுத்து வாங்கிய அடை

எங்கள் தோட்டத்தில் தப்பு மேளச் சத்தம் நின்றுபோகாமல் இருப்பதற்காக நாங்கள் முதலில் வாங்கியது விளக்குமாறு. ஒன்றிரண்டு இல்லை. அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர் இருந்த வீட்டில் ஒரு கட்டத்தில் ஏழு விளக்குமாறுகள் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தன. பெருக்குவதற்கு இருந்ததோ ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். ஜப்பான்காரன் ஆட்சியில் தரையில் சிந்துவதற்கு அரிசிமணிகூட இல்லாததால் குப்பையும் அதிகம் விழவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. செமிலிங் என்ற மலாய் ஊரிலிருந்து உள்ளே பிரிந்துபோகும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் காரை எடுத்துக்கொண்டு ஓடிப்போனார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் துரையின் பங்களாவுக்குக் குடிபோய், துரையைவிட அதிகமாகத் துரையாகிவிட்டார். கித்தாப் பாலை வாங்க ஆளில்லை என்று பாதி மரங்களைச் சாய்த்து அங்கே மரவள்ளி நட்டார்கள். காலையில் அவித்த மரவள்ளி, மத்தியானம் மரவள்ளிக் கூழ், பொழுது சாயும்போது மறுபடியும் அதே கிழங்கு. அரிசி என்ற சொல்லைப் பெரியவர்கள் கோயில் பெயரைச் சொல்வது மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

அப்பா பால் வெட்டுகிறவர். அந்த வருடம் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, போய், திரும்ப வந்து, பிறகு போவதற்கு வழி தெரியாமல் அவர் உடம்பிலேயே தங்கிவிட்டது. டிஸ்பென்சரியில் கொயினா மருந்து தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. வேப்பிலைக் கசாயத்தைக் குடித்துவிட்டுப் பலகைக் கட்டிலில் சுருண்டு கிடப்பார். கைகால் நடுங்காத நேரத்தில் விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். என்ன அடி அது என்று எனக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்து பாடை கிளம்பும்போது தப்பில் அடிக்கும் அடி.

அப்பாவுக்குத் தப்பு என்றால் உயிர். திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் தப்புக்காரர்களோடு நெஞ்சு வேர்க்க நடப்பார். ஆடவும் தெரியாது, அடிக்கவும் தெரியாது, ஆனால் அடி தப்பினால் அவருக்குத்தான் முதலில் தெரியும். சாவு அடியைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒரு தடவை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். "நான் போறப்ப எனக்கு வேற ஒன்னும் செய்ய வேணாம். அவன் கையால அந்த அடி மட்டும் இருக்கணும். சத்தமில்லாமத் தூக்கிட்டுப் போனீங்கன்னா எனக்கு வழி தெரியாது." அம்மா அவர் வாயைப் பொத்தினாள். ஆனால் மனதில் வைத்துக்கொண்டாள்.

'அவன்' என்று அப்பா சொன்னது எங்கள் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் இருந்த தப்புக்காரரை. ஐந்து பேராக இருந்த கூட்டம் அது. இரண்டு பேர் ஜப்பான்காரன் அனுப்பிய முதல் லாரியிலேயே சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனார்கள். ஒருவர் காய்ச்சலில் செத்தார். இன்னொருவர் எங்கே போனார் என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியவில்லை. இவர் ஒருவர்தான் மிச்சம். மெலிந்த ஆள், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். எங்காவது சாவு விழுந்தால் தனியாக வந்து, தேங்காய் மட்டையைக் கொளுத்தி, தப்பை அந்த அனலில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்ப்பார். ஈரக்காற்றில் தொய்ந்திருக்கும் தோல் மெல்ல மெல்ல இறுகி, மொத்தென்று இருந்த சத்தம் கணீரென்று மாறும். பிறகு நீளக் குச்சியும் குட்டைக் குச்சியுமாக ஐந்து பேருடைய அடியை ஒருவரே அடிப்பார். அதுவரைக்கும் கல்லாக உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த அடி விழுந்ததும் உடைந்து அழுவார்கள். எனக்கு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். அந்த வருடம் அவருக்கு ஓய்வே இல்லை. தட்டிக்கொண்டே இருந்தார், நாங்கள் செத்துக்கொண்டே இருந்தோம்.

தோட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் அவரை மாமா என்பேன். அவர் அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை அக்கா என்பார். ஆனால் அந்த உறவெல்லாம் வாயோடு சரி. கடைசி லயத்தில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம். எல்லோருடைய பெற்றோரும் ஒரே கப்பலில் நெருக்கியடித்து வந்தவர்கள்தான். ஆனால் கப்பல் ஏறியபோது சாதியைக் கரையில் விட்டுவிட்டு வர ஒருவருக்கும் மனது வரவில்லை போலிருக்கிறது. அந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கடைசி லயம் தூரத்தில் இருப்பதால் அங்கே போகக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

மரவள்ளி நட நிலம் பிரித்தபோது கிராணியார் கடைசி லயத்துக்குச் சதுப்பு ஓரத்தைக் கொடுத்தார். நட்ட கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. தப்புக்காரருக்குப் பெண்டாட்டியும் என் வயதில் ஒரு மகளும் ஒரு கைப்பிள்ளையும். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் எரிந்த நாட்களைவிட அதிகம். அந்தச் சமயத்தில்தான் கிராணியார் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி மறுபடியும் சயாமுக்கு ஆள் கேட்டார். போகிறவனுக்குத் தினமும் அரிசிச் சோறு, வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிசிப்படி என்றார். தப்புக்காரர் அன்றைக்கே பேர் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் செய்தி வந்தது.

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. உடனே ஒரு துணியில் நாலு கிழங்கைக் கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினாள். தப்புக்காரர் வாசலிலேயே நின்று மூட்டையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"கொட்டடிச்சாக் கூலி வாங்குவேன், தாயி. சும்மா கொடுத்தா வாங்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு."

திரும்பக் கொண்டுவந்தேன். மறுநாள் குழாயடியில் பெண்கள் கூடினார்கள். அம்மாவின் கவலை அவளுக்கு மட்டுமான கவலை இல்லை. எல்லார் வீட்டிலும் ஒருவராவது படுத்துக் கிடந்தார்கள். இருக்கிறவர்களுக்குச் சோறு போட முடியாத பெண்கள், போகிறவர்களுக்குத் தப்புச் சத்தமாவது இருக்கட்டும் என்று நினைத்தார்கள். அதையும் விட்டுவிட்டால் செத்த நாயைத் தூக்கிப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள். சும்மா கொடுத்தால்தானே வாங்க மாட்டார், அவர் பெண்டாட்டி ஈர்க்கு விளக்குமாறு கட்டுவாளே, அதை வாங்குவோம் என்று முடிவாயிற்று. வேறு யாரிடமும் வாங்கக்கூடாது, செமிலிங் கடையிலும் வாங்கக்கூடாது, வாங்கினால் அவளிடம்தான். இப்படித்தான் ஏழு விளக்குமாறுகள் வந்தன. விலையாக உப்போ, கிழங்கோ, ஒரு கரண்டித் தேங்காயெண்ணெயோ, கிழிந்த புடவையில் ஒரு முழமோ கொடுப்பார்கள். ஜப்பான் நோட்டை யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

தப்புக்காரர் பேர் கொடுக்கவில்லை. அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் அவர் பெண்டாட்டி முட்டாள் இல்லை. எட்டாவது விளக்குமாற்றைக் கேட்டு நான் போனபோது அவள் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

"போன வாரம் வாங்குனது அதுக்குள்ள தேஞ்சிருச்சா? என்னாத்தப் பெருக்குறீங்க வீட்டுல, ரோட்டையா?"

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். உபயோகம் இல்லாததை விற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே குழாயடிக்கு வந்து, பெண்களுக்கு எட்ட நின்று, இனிமேல் விளக்குமாறு வேண்டாம், அடை செய்து தருகிறேன் என்றாள். அவள் அப்போதுதான் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அங்கே கூலியாகக் கிழங்கும் தேங்காயும் கொஞ்சம் தென்னஞ்சர்க்கரையும் கிடைத்தன. மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து, வாழையிலையில் சுற்றி அவிப்பது அவள் அங்கே மலாய்க்காரப் பெண்களிடம் கற்றது. "பிள்ளைங்க வயிறு நெறையும், அக்கா. வெளக்குமாத்த வச்சு என்னா பண்ணுவீங்க?" என்றாள். உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள்.

அவள் போன பிறகு குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி லயத்து அடுப்பில் வெந்ததை எப்படித் தின்பது? வேண்டாம் என்றால் அவர் சயாமுக்குப் போய்விடுவார். கடைசியில் பக்கத்து வீட்டு அத்தைதான் வழி கண்டுபிடித்தாள்.

"வாங்குறதுக்கும் திங்கிறதுக்கும் என்னாடி சம்மந்தம்? வாங்குவோம்லா."

எவ்வளவு பெரிய அறிவாளி என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். பசி வந்துவிட்டால் மனிதர்கள் மற்றதையெல்லாம் மறந்துவிடுவார்கள் என்று யாராவது பேசினால், இவர்கள் எங்கள் லயத்துப் பெண்களைப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றும்.

மறுநாளிலிருந்து அது என் வேலையாயிற்று. மத்தியானம் கடைசி லயத்து முனைக்குப் போக வேண்டும். தப்புக்காரர் பெண்டாட்டி முறத்தில் இலைப் பொட்டலங்களை அடுக்கி உட்கார்ந்திருப்பாள். அம்மா கொடுத்ததைக் கொடுத்து இரண்டு பொட்டலம் வாங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. லயத்துக்குப் பின்னால் பெரிய கால்வாய், அதில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வரவேண்டும்.

"ஏம்மா போடணும்?"

"நம்ம வயித்துக்கு ஆவாது. கேள்வி கேக்காமப் போ."

வயிற்றுக்கு ஆகாது என்றால் ஏன் தினமும் வாங்குகிறோம் என்று நான் கேட்கவில்லை. கொயினா கசக்கும், ஆனாலும் கிடைத்தவரை வாங்கினோம். பெரியவர்கள் காரியம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் சொன்னபடி செய்தேன். பொட்டலம் சூடாக இருக்கும், உள்ளங்கை வழியாக வாசனை ஏறும். எனக்கு அழுகை வரும். கால்வாய் ஓரச் சேற்றில் மற்ற வீட்டுப் பொட்டலங்களும் கிடந்தன, எறும்பு மொய்த்தபடி. நாளாக நாளாக அங்கே கிடந்தவை குறைந்துகொண்டே வந்தன. எத்தனை பேர் ஒளித்துத் தின்றார்களோ, நான் சொல்ல முடியாது. குழாயடியில் மட்டும் எல்லோரும் போட்டுவிட்டதாகவே சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நான் தின்றேன். கால்வாய்க் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன், சுங்கைப் பட்டாணியில் பெரிய பெரிய ஓட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசி எதிலும் இல்லை. தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கக் காத்திருந்தேன். வலிக்கவில்லை. இரண்டாவதையும் தின்றேன். அப்பாவுக்கு ஒன்று கொண்டுபோக ஆசையாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கொண்டுபோகவில்லை.

ஒருநாள் அங்கே தப்புக்காரர் மகள் வந்தாள். விறகு பொறுக்க வந்தவள் என் கையில் இருந்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் எலும்பெல்லாம் எண்ணலாம் போலிருந்தது. அவள் வீட்டில் அவித்ததைத்தானே தின்கிறேன், அவளுக்கு என்ன ஆசை என்று எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்:

"எங்கம்மா எனக்கு ஒன்னுகூடத் தராது. வித்தாத்தான் உப்பு கெடைக்குமாம். நானும் தம்பியும் கெழங்குச் சக்கையத்தான் திங்கிறோம்."

என் கையில் இரண்டு இருந்தன. ஒன்றை அவளிடம் கொடுத்தேன். நான் பெரிய கொடையாளி இல்லை, எனக்கு இரண்டாவதைத் தின்ற பிறகு வயிறு கனக்கும். அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் இப்படியே நடந்தது. ஆளுக்கொன்று. தின்றுவிட்டு இலையை நக்கிவிட்டு, இலையைப் படகாக விட்டு விளையாடுவோம். அந்த வருடத்தில் எனக்குச் சந்தோஷம் என்று இருந்தது அந்த ஏழெட்டு மத்தியானங்கள்தான்.

ஒருநாள் அவள் பாதி தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள்.

"எனக்குத் தந்துட்டா ஒங்கம்மாவுக்கு?"

"எங்கம்மா இதத் திங்காது. தெனமும் இங்க காவாயில போடச் சொல்லும். வயித்துக்கு ஆவாதாம்."

"ஒங்க வீட்டுல மட்டுமா?"

"எல்லா வீட்டுலயும்தான்," என்றேன். தெரிந்ததைச் சொல்கிற பெருமை எனக்கு. கால்வாயில் அன்றைக்குக் கிடந்த மூன்று நான்கு பொட்டலங்களையும் கைகாட்டினேன். "போடாம நம்ம தின்னா நல்லதுதானே?"

அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். மிச்சத்தை இலையில் சுற்றிக்கொண்டு எழுந்து போனாள். விறகை மறந்துவிட்டுப் போய்விட்டாளே என்று நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிக்குக் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் முறம் வரவில்லை. லயத்து முனையில் நின்று நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் தப்புக்காரர் வந்தார். நல்ல வெயில். படிக்கு வெளியே நின்றார். அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. சேறு ஒட்டி, இலை பழுத்துப்போன பொட்டலம். கால்வாயிலிருந்து எடுத்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைப் படியில் மெதுவாக வைத்தார்.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு, அக்கா?"

"அப்படியேதான் கெடக்குறாரு."

"நான் சயாமுக்குப் பேரு கொடுத்துட்டேன். நாளான்னைக்கு லாரி."

அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போப்பா. ஒங்கண்ணன் ஒன் கையத்தான் நம்பிக் கெடக்குறாரு. தெனமும் நாலு அடை வாங்குறேன், அஞ்சு வாங்குறேன்..."

"விக்கிறதுக்கு இனிமே எங்ககிட்ட ஒன்னுமில்லக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மா ஏதாவது பதில் பேசியிருப்பாள்.

அப்போதுதான் அம்மா அதைச் செய்தாள். படியில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே அடை ஓரத்தில் புளித்து, இலையோடு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து வாயில் வைத்தாள். அவர் பார்க்க, தெரு பார்க்க, பக்கத்து வீட்டு அத்தை கதவிடுக்கில் பார்க்க, மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. விழுங்கிவிட்டு இன்னொரு துண்டைப் பிய்த்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கும் பிடித்துவிட்டது, இனி ஒளிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"நல்லாருக்குல்ல, அம்மா?" என்றேன்.

"போதும், அக்கா," என்றார் தப்புக்காரர். "இது வேணாம். எந்திரிங்க." சொல்லிவிட்டு, அவள் எழுந்திருக்கும்வரை காத்திராமல் திரும்பிப் போய்விட்டார்.

அவர் போய்விட்ட பிறகும் அம்மா நிறுத்தவில்லை. இனி யாருக்காகவும் தின்ன வேண்டியதில்லை, ஆனாலும் தின்றாள். கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று, இலையைச் சுரண்டி விரலை வாயில் வைத்தாள். தன் பங்குக் கிழங்கையும் கரைத்து அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, அவள் எத்தனை நாளாகப் பட்டினி கிடந்தாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. வயிறு ஒட்டிப்போனவள் தினமும் இரண்டு அடையை விலை கொடுத்து வாங்கிக் கால்வாயில் போடச் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவள்மேல் கோபம் வருகிறது. கோபம் முடிவதற்குள் அழுகையும் வந்துவிடுகிறது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் இந்த வயதுவரை வந்துவிட்டேன்.

விரலைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்.

"யாரு சொன்னா அவங்ககிட்ட?"

"நான்தாம்மா," என்றேன்.

அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

லாரி வந்த காலையில் பெரட்டுத் திடலில் கூட்டமாக இருந்தது. தப்புக்காரர் தப்பைத் துணியில் சுற்றி முதுகில் கட்டியிருந்தார். அதை விட்டுவிட்டுப் போ என்று கிராணியார் சொன்னார். ஜப்பான்காரன் ஒருவன் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்து, ஏறச் சொன்னான். அவர் பெண்டாட்டி அழவில்லை. கைப்பிள்ளைதான் அழுதது. நான் கூட்டத்துக்குள் நுழைந்து அவர் மகள் பக்கத்தில் போய் நின்றேன். எங்களுக்குள் சண்டை ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியாது. அவள்தான் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எங்கப்பாவுக்கு அங்க தெனமும் அரிசிச் சோறு போடுவாங்களாம்," என்றாள் என்னைப் பார்க்காமல்.

தினமும் சோறு! எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அடை விற்றுக்கொண்டு இங்கேயே இருந்திருந்தால் அவருக்கு இது கிடைத்திருக்குமா? நான் சொன்னதால்தானே முறம் நின்றது, முறம் நின்றதால்தானே மாமா லாரி ஏறினார். ஏழு வயதுக் கணக்கு அப்படித்தான் போயிற்று. லாரி திரும்பும்போது நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். தப்புக்காரர் என்னைப் பார்த்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த கடைசி முகம் என்னுடையதுதான் என்று நினைக்கிறேன். அவர் திரும்பி வரவில்லை. அந்த லாரியில் போன ஒருவரும் வரவில்லை.

கிராணியார் சொன்ன அரிசிப்படி வீட்டுக்கும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தப்புக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புக்கிட் செலம்பாவ் பக்கம் சொந்தக்காரர்களைத் தேடி நடந்துபோனாள். லயத்துப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். போகாதே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதற்கு நாலாம் நாள் காலையில் அப்பா போய்விட்டார். விரல் கட்டில் சட்டத்தின்மேல் இருந்தபடியே போனார். சுங்கைப் பட்டாணியிலிருந்து சித்தப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர மத்தியானமாகிவிட்டது. மூங்கிலை வெட்டிப் பாடை கட்டினார்கள். குளிப்பாட்டினார்கள். போர்த்துவதற்குப் புதுத்துணி இல்லாமல் அம்மாவின் பழைய புடவையைப் போர்த்தினார்கள். எல்லாம் முடிந்து தூக்க வேண்டிய நேரம். யாரும் தூக்கவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருக்கிறவர்கள் போல நின்றார்கள். பழக்கம்தான், அந்த அடி விழுந்த பிறகுதான் தூக்குவது.

யாரோ ஒருவர் மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்து குச்சியால் நாலு தட்டுத் தட்டினார். அம்மா தலையைத் தூக்கி, "வேணாம்" என்றாள். அவர் நிறுத்திவிட்டார். அவ்வளவு அமைதியை நான் அந்த லயத்தில் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா அழவும் இல்லை. அழுகையைத் திறந்துவிட அந்த அடி இல்லாமல் அது அவளுக்குள்ளேயே நின்றுகொண்டது.

சித்தப்பா டவுன்காரர், இங்கே நடந்தது ஒன்றும் தெரியாது. சுற்றிலும் பார்த்து, "தப்புக்காரன் எங்க? சொல்லி அனுப்பலியா?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பேர் இருந்தும் ஒருவருக்கும் பதில் தெரியவில்லையே என்று நான் அம்மாவின் மடியிலிருந்து எழுந்து சொன்னேன்.

"மாமா சயாமுக்குப் போயிட்டாரு, சித்தப்பா. அங்க தெனமும் அரிசிச் சோறு. நான்தான் போக வச்சேன்."

அத்தை என் வாயைப் பொத்தி இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். மற்றவர்கள் என்னையும் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சத்தமில்லாமல் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தையின் கைக்குள் திமிறிக்கொண்டே நான் நினைத்தேன்: ஒரு மனுஷனுக்கு நல்ல சோறு கிடைத்ததில் இவர்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு பொறாமை?